வாங்கும் படியும் விற்கும் படியும்



கேட்ட கேள்விக்கு மனிதரைப் போலவே மறுமொழி எழுதித் தரும் இயந்திரங்களைப் பற்றிப் பேசாத மேடை இன்று இல்லை. அவை நம் பிழைப்பைப் பறிக்குமா, நம் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்குமா என்ற விசாரங்கள் எல்லாம் வேண்டியவைதாம். ஆயினும் அவற்றை நன்கறிந்தவர்கள் வேறு சபைகளில் விரித்துரைத்து வருகிறார்கள் என்பதால், இன்று மாலை நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த இயந்திரங்களுக்குப் பாடமாக வைக்கப்பட்ட எழுத்தெல்லாம் யாருடையது, அதை எடுத்துக்கொண்டவர்கள் என்ன நியாயம் சொல்லி எடுத்துக்கொண்டார்கள், பிறகு தங்களிடமிருந்து வேறொருவர் எடுத்துக்கொண்டார் என்ற சந்தேகம் எழுந்தபோது அதே நியாயத்தை அவருக்கும் அளித்தார்களா என்பதே அந்த விஷயம். இதில் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பற்றி மட்டும் பேசிக் குற்றம் சாட்டியவர்களை விட்டுவிடுவதாக உத்தேசமில்லை. இரு திறத்தாரிடமும் உள்ள கபடத்தைக் காணாதவரை இந்த வழக்குகளின் உண்மை நமக்குப் புலப்படாது என்பது என் துணிபு.

மொழி மாதிரி எனப்படும் இத்தகைய இயந்திரம் ஒன்றைப் பயிற்றுவது எவ்வாறு என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடிக்கணக்கான பக்கங்களைத் திரட்டி, ஒவ்வொரு வாக்கியத்திலும் அடுத்து வரும் சொல் எதுவாக இருக்கும் என்று இயந்திரத்தை ஊகிக்கச் செய்து, ஊகம் தவறும்போதெல்லாம் அதனுள் இருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போவதுதான் பயிற்சி. இதற்கு வேண்டிய மூலதனங்களில் தலையானவை இரண்டு: கணிப்பொறிகளின் பேராற்றல் ஒன்று, மனிதர் எழுதிவைத்த எழுத்து மற்றொன்று. என்விடியா நிறுவனத்தின் சில்லுகளுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்று இதுவரை ஒருவரும் வாதிட்டதில்லை. மின்சாரத்துக்குக் கட்டணம் செலுத்துவது முன்னேற்றத்துக்குத் தடை என்று எந்த அரசாங்கத்துக்கும் விண்ணப்பம் போனதாக நான் கேட்டதில்லை. எழுத்துக்கு விலை கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி வந்தபோதுதான் முன்னேற்றம், பொதுநலம், தேசப் பாதுகாப்பு ஆகிய பெரிய பெரிய வார்த்தைகளெல்லாம் சபைக்கு வந்தன.

பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் குழு ஒன்றுக்கு, சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் அளித்த சாட்சியம் 2024 ஜனவரியில் வெளியாயிற்று. பதிப்புரிமை உள்ள எழுத்தைப் பயன்படுத்தாமல் இன்றைய முன்னணி மாதிரிகளைப் பயிற்றுவது இயலாத காரியம் என்றும், நூறாண்டுக்கு முந்திய நூல்களையும் சித்திரங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு முயன்றால் இக்காலத்து மக்களுக்குப் பயன்படும் கருவி கிடைக்காது என்றும் அந்நிறுவனம் அதில் சொல்லிற்று. இதில் ஓர் உண்மை ஒளிவு மறைவின்றி வெளிப்பட்டுவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிறருடைய எழுத்து இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை என்பதைத் தொழிலை நடத்துகிறவர்களே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள். ஒரு பொருள் இல்லாமல் தொழில் நடவாது என்றால், அந்தப் பொருளுக்குரியவரிடம் போய்ப் பேசுவதற்கு அதுவே முதற்காரணம் ஆகவேண்டும். அவர்களோ கேளாமல் எடுத்துக்கொள்வதற்கு அதையே காரணமாக்கினார்கள்.

ஓராண்டு கழிந்தது. சீனாவின் ஹாங்ஜோ நகரத்தில் உள்ள டீப்சீக் நிறுவனம் ஆர்1 என்ற மாதிரியை 2025 ஜனவரி 20-ஆம் தேதி வெளியிட்டது. அமெரிக்க மாதிரிகளுக்கு நிகரான திறமையை அவற்றைவிட மிகக் குறைந்த செலவில் காட்டிய அந்த மாதிரியைக் கண்டு பங்குச் சந்தை நடுங்கிற்று. ஜனவரி 27-ஆம் தேதி ஒரே நாளில் என்விடியாவின் சந்தை மதிப்பில் ஏறத்தாழ 60,000 கோடி டாலர் மறைந்தது. அதற்கு இரண்டு நாள் பின்னர், டீப்சீக் நிறுவனத்தார் ஓப்பன்ஏஐயின் மாதிரிகளிடமிருந்து முறைகேடாக வடித்தெடுத்திருக்கக்கூடும் என்றும், அதற்கான அறிகுறிகள் தங்களிடம் இருப்பதாகவும், தங்கள் தொழில்நுட்பத்தைக் காப்பதற்குக் கடும் நடவடிக்கை எடுத்துவருவதாகவும் ஓப்பன்ஏஐ தெரிவித்தது.

வடித்தெடுத்தல் என்பது இதுதான். பெரிய மாதிரி ஒன்றிடம் இலட்சக்கணக்கில் கேள்விகளைக் கேட்டு, அது தரும் மறுமொழிகளை ஒன்றுவிடாமல் சேமித்து, அவற்றையே பாடமாக வைத்து வேறொரு மாதிரியைப் பயிற்றுவது. எழுத்தாளர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்து எழுதிய நூல்களைத் திரட்டிப் பாடமாக வைப்பதற்கும், அப்படிப் பாடம் கேட்ட இயந்திரம் சொல்லும் மறுமொழிகளைத் திரட்டிப் பாடமாக வைப்பதற்கும் என்ன வேற்றுமை என்று யோசித்துப் பாருங்கள். முதலாவது செயலுக்குக் கற்றல் என்று பெயர் வைத்து, மாணவன் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதைப் போன்றதுதான் என்று நீதிமன்றத்தில் வாதிட்டவர்கள், இரண்டாவது செயல் தங்கள் வாசலில் நடந்தபோது அதற்கு அபகரிப்பு என்று பெயர் வைத்தார்கள். ஓப்பன்ஏஐ தன் சேவை நிபந்தனைகளிலேயே, எங்கள் மாதிரியின் வெளியீட்டைக் கொண்டு எங்களுக்குப் போட்டியான மாதிரியை உருவாக்கலாகாது என்று விதித்திருக்கிறது. ஆந்த்ரோபிக் முதலான பிற நிறுவனங்களின் நிபந்தனைகளிலும் இதே விலக்கு உண்டு. சந்தையில் தானியம் வாங்கும்போது பெரிய படியையும் விற்கும்போது சிறிய படியையும் எடுத்து நீட்டும் வியாபாரியை நம் ஊரார் என்ன சொல்லி அழைப்பார்களோ அதையே இங்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு; அதையும் நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட வேண்டும். உலகத்துக்குத் திறந்து வைக்கப்பட்ட பக்கத்தைப் படிப்பது வேறு, நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறேன் என்று சம்மதித்துக் கணக்குத் தொடங்கிப் பின்னர் அந்த நிபந்தனையை மீறுவது வேறு. முன்னதில் ஒப்பந்தம் ஏதுமில்லை, பின்னதில் ஒப்பந்த மீறல் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். கேட்கும்போது சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒப்பந்தத்துக்கு அத்தனை மரியாதை கொடுப்பவர்கள் பிறருடைய நிபந்தனைகளை எப்படி நடத்தினார்கள் என்று பார்க்க வேண்டாமா? 2024 மார்ச் மாதத்தில் ஓப்பன்ஏஐயின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த மீரா முராட்டி அம்மையாரை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை பேட்டி கண்டது. சோரா என்ற, காணொளி உண்டாக்கும் மாதிரியைப் பயிற்றுவதற்கு எந்தத் தரவைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டபோது, பொதுவெளியில் கிடைப்பதையும் உரிமம் பெற்றதையும் பயன்படுத்தினோம் என்றார். யூடியூப் காணொளிகளையுமா என்று நிருபர் மேலும் கேட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்பது அம்மையார் சொன்ன விடை. அந்த இயந்திரத்தின் தொழில்நுட்பத்துக்கெல்லாம் தலைமை வகித்தவர், அதற்குக் கொடுத்த உணவு இன்னதென்று தெரியாது என்கிறார்! அடுத்த மாதமே யூடியூபின் தலைவர் நீல் மோகன், தங்கள் காணொளிகளை அவ்வாறு பயன்படுத்தியிருந்தால் அது தங்கள் நிபந்தனைகளை அப்பட்டமாக மீறியதாகும் என்று சொன்னார்.

அதே ஏப்ரல் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. ஓப்பன்ஏஐ பத்து இலட்சம் மணி நேரத்துக்கும் மேற்பட்ட யூடியூப் ஒலியை எழுத்தாக்கிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது என்பது அதன் முற்பகுதி. யூடியூபின் சொந்தக்காரராகிய கூகிள் நிறுவனத்தில் சிலர் இதை அறிந்திருந்தும் தடுக்கவில்லை, ஏனெனில் அந்நிறுவனமும் காணொளி எழுத்துகளைத் தன் மாதிரிகளுக்குப் பயன்படுத்தியிருந்தது என்பது அதன் பிற்பகுதி. பிற்பகுதிதான் என் மனத்தில் ஆழப் பதிந்தது. காணொளி எடுத்தவர்கள் எங்கோ ஒரு சிற்றூரில் சமையலையோ தச்சு வேலையையோ கணக்குப் பாடத்தையோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்க, அவர்களுடைய பேச்சை ஒருவர் எடுத்துக்கொள்வதும், மற்றவர் தம் சங்கடம் கருதி அதைக் காணாதிருப்பதுமாக இரண்டு பெருநிறுவனங்களும் நடந்துகொண்டன. காவலுக்கு நின்றவர் மௌனம் சாதித்த காரணம் அந்த ஒரு செய்தியிலேயே விளங்கிவிடுகிறது.

சித்திரம் வரையும் இயந்திரங்களின் உலகத்திலும் இதே வேடிக்கை நடந்தது. மிட்ஜர்னி என்ற நிறுவனம் ஓவியர்களின் படங்களை அனுமதியின்றிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது என்று ஓவியர்கள் 2023-இலேயே வழக்குத் தொடுத்திருந்தார்கள். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2024 மார்ச் மாதத்தில், ஸ்டெபிலிட்டி ஏஐ என்ற போட்டி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தங்கள் தளத்திலிருந்து படங்களையும் அவற்றுக்குரிய குறிப்புகளையும் வாரி எடுக்க முயன்றதால் சேவையே நின்றுபோயிற்று என்று சொல்லி, அந்த நிறுவனத்தின் ஊழியர் அனைவருக்கும் மிட்ஜர்னி தன் கதவை மூடிற்று. இரண்டு நிறுவனங்களும் ஓவியர்கள் தொடுத்த அந்த ஒரே வழக்கில் பிரதிவாதிகள்!

டீப்சீக் பக்கத்திலும் ஒரு வார்த்தை. தன் மாதிரியின் எடைகளை, அதாவது பயிற்சியில் திருத்தப்பட்ட அந்த உள் எண்களை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வடித்தெடுத்தும் கொள்ளலாம் என்று உரிமம் எழுதி வெளியிட்டமட்டில் அது தான் கேட்கும் சலுகையைப் பிறருக்கும் கொடுத்தது. அந்த அளவில் அதன் நடத்தை மேலானது. ஓப்பன்ஏஐயின் வெளியீட்டைத் தாங்கள் வேண்டுமென்று பயன்படுத்தவில்லை என்றும் அதன் ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். ஆயினும் எந்த எந்த நூல்களை எங்கிருந்து எடுத்துப் பயிற்றினார்கள் என்ற பட்டியலை அவர்களும் வெளியிடவில்லை. கொடுக்கிற கை திறந்திருப்பது நல்லதுதான். எடுத்த கை எங்கே போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி வாதிகளின் பக்கம் திரும்புவோம். 2023 டிசம்பர் 27-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஓப்பன்ஏஐ மீதும் மைக்ரோசாஃப்ட் மீதும் வழக்குத் தொடுத்தது. தன் நிருபர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சேகரித்த செய்திகளை இலட்சக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பது முறையீட்டின் சாரம். முறையீட்டில் உண்மை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆனால் இந்தப் பத்திரிகை இதற்கு முப்பதாண்டுக்கு முன் வேறொரு வழக்கில் வேறோர் ஆசனத்தில் அமர்ந்திருந்தது. அந்த வரலாற்றை இன்றைய விவாதங்களில் எடுத்துச் சொல்வோர் அரிதாயிருப்பதால், சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1990-களின் தொடக்கத்தில் ஜொனாதன் டாசினி முதலிய ஆறு எழுத்தாளர்கள், சம்பளத்துக்கு அமர்ந்த ஊழியர்களாக இன்றிக் கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, டைம்ஸ் உள்ளிட்ட பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையில் அச்சிடுவதற்கென்று அவர்கள் கொடுத்த கட்டுரைகளை, அவர்களைக் கேளாமலே, மேற்கொண்டு ஒரு காசும் கொடாமலே, லெக்சிஸ்-நெக்சிஸ் போன்ற மின்தரவகங்களில் சேர்த்து, அதற்குரிய வருமானத்தைப் பத்திரிகை முதலாளிகள் பெற்றுவந்தார்கள். 1993-இல் எழுத்தாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். எட்டாண்டு நடந்த அந்த வியாஜ்யத்தில் டைம்ஸ் தரப்பு சொன்ன வாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஒவ்வோர் எழுத்தாளரிடமும் அனுமதி கேட்க வேண்டுமென்றால் தரவகங்களிலிருந்து எண்ணற்ற கட்டுரைகளை நீக்க நேரும்; சரித்திர ஆவணத்தில் பெரும் ஓட்டைகள் விழுந்துவிடும்; பொதுமக்களின் அறிவுக்குக் கேடு வரும் என்பது. 2001 ஜூன் 25-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையார், அந்தப் பயமுறுத்தல் சட்டத்தை மாற்றிவிடாது என்றும், இரு தரப்பாரும் கூடிப் பேசி உரிமத்துக்கும் ஊதியத்துக்கும் வழி செய்துகொள்ளலாம் என்றும் காட்டினார்.

தீர்ப்புக்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். கூடிப் பேசி ஊதியம் நிச்சயிப்பதற்குப் பதிலாக, டைம்ஸ் பத்திரிகை எழுத்தாளர்களுக்கு ஓர் அறிவிப்புக் கொடுத்தது: உங்கள் பழைய கட்டுரை தரவகத்தில் இருக்க வேண்டுமானால், அதற்காகப் பணம் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள், எழுதிக் கொடாதவர் கட்டுரை நீக்கப்படும். தன் எழுத்து உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்துபோவதைச் சகிக்காத எழுத்தாளன் என்ன செய்வான்? தனக்கு நீதிமன்றம் கொடுத்த உரிமையைத் தானே கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கு ஏற்பட்டது. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லா உரிமைகளையும் பத்திரிகைக்கே கொடுத்துவிட வேண்டும் என்ற ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அனுமதி கேட்டால் அறிவு வளராது என்று 2001-இல் டைம்ஸ் பேசிய பேச்சையும், அனுமதி கேட்டால் மாதிரி வளராது என்று 2024-இல் ஓப்பன்ஏஐ பேசிய பேச்சையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே வக்கீல் எழுதிக்கொடுத்தது போலத் தோன்றும். அதைக் காட்டிலும் விசேஷம், இந்தப் புதிய வழக்கில் ஓப்பன்ஏஐ செய்த எதிர்வாதம். டைம்ஸ் கட்டுரைகளை இயந்திரம் வரிக்கு வரி ஒப்பிக்கிறது என்பதை நிரூபிப்பதற்காகப் பத்திரிகைத் தரப்பார் இயந்திரத்திடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டிருந்தார்கள். பல்லாயிரம் தடவை முயன்றுதான் அந்த விடைகளை வருவித்தார்கள் என்றும், அவ்வாறு ஊடுருவுவதற்கு ஆள் வைத்துக் கூலி கொடுத்தார்கள் என்றும் 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ நீதிமன்றத்தில் குறை கூறிற்று. உலகத்தார் எழுதியதையெல்லாம் திறந்த வீடு என்று கருதி நுழைந்தவர்கள், தங்கள் இயந்திரத்திடம் கேள்வி கேட்டதை ஊடுருவல் என்கிறார்கள்.

எழுத்தாளரின் எழுத்தைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்கள் பலவும் எழுத்தாளரைக் கேட்டு நடப்பவை அல்ல என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்ற ஆராய்ச்சி நூல் பதிப்பகத்தின் தாய் நிறுவனம் 2024-இல் மைக்ரோசாஃப்டுக்குத் தன் நூல்களையும் சஞ்சிகைகளையும் பயன்படுத்த உரிமை கொடுத்து முதல் தவணையாக ஒரு கோடி டாலர் பெற்றது. அவற்றை எழுதிய பேராசிரியர்களில் பலர் இதைச் செய்தித்தாள் பார்த்துத்தான் அறிந்தார்கள். நிரல் எழுதுவோர் ஒருவருக்கொருவர் ஐயம் தீர்த்துக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளம் அதே ஆண்டு மே மாதத்தில் ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் செய்தது. பல ஆண்டுகளாக ஊதியமின்றி, முகம் தெரியாத ஒருவனுடைய இடர்ப்பாட்டைத் தீர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணம் ஒன்றே காரணமாக விடை எழுதிவந்தவர்களில் சிலர், எங்களைக் கேளாமல் விற்றீர்களே என்று மனம் நொந்து தங்கள் விடைகளை அழித்தார்கள். நிர்வாகத்தார் அழித்த விடைகளை மீண்டும் ஏற்றிவைத்து, அழித்தவர்களின் கணக்கைச் சில நாள் முடக்கினார்கள். எழுதினவனுக்கே தன் எழுத்தை அழிக்க உரிமையில்லாத இடத்தில், உரிமை உரிமை என்று பேசும் பேச்சு யாருக்காக?

இந்தக் கபடம் இயந்திரத்தோடு பிறந்ததன்று. அமெரிக்கக் குடியரசு 1790-இல் இயற்றிய முதல் பதிப்புரிமைச் சட்டம், தன் நாட்டாருக்கும் தன் மண்ணில் வசிப்பவருக்கும் மட்டுமே பாதுகாப்பளித்து, அயல்நாட்டார் நூல்களை அச்சிட்டு விற்பதற்குத் தடையில்லை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தது. இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல் துறைமுகத்தைச் சேர்ந்ததும் புதிய நாவல் அச்சுக்கூடத்துக்கு ஓடும். சில நாளில் மலிவுப் பதிப்பு தெருவில் விற்கும். எழுதியவனுக்கு ஒன்றும் இல்லை. 1842-இல் அமெரிக்கா சென்ற ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், தமக்கு அளிக்கப்பட்ட விருந்துகளில் எழுந்து நின்று, இரு நாடுகளுக்கும் பொதுவான பதிப்புரிமை வேண்டும் என்று பேசினார். அவர் நூல்களைப் படித்து அழுது சிரித்த அதே மக்களின் பத்திரிகைகள், விருந்தாளியாக வந்து பணம் கேட்கிறான் என்று அவர்மேல் பாய்ந்தன. மலிவான நூல்தான் குடியரசின் கல்வி என்று பதிப்பாளர்கள் சொன்னார்கள். அதிலும் பாதி உண்மை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

பிறகு காற்று திரும்பிற்று. 1852-இல் அமெரிக்க எழுத்தாளர் ஹேரியட் பீச்சர் ஸ்டோ அம்மையாரின் அங்கிள் டாம்ஸ் கேபின் நாவல் வெளிவந்தபோது, லண்டன் பதிப்பாளர்கள் பலர் அதை அச்சிட்டுக் குவித்தார்கள். அவருக்குச் சட்டப்படி அங்கே ஒரு காசும் பாத்தியமில்லை. தங்கள் எழுத்தாளர்களும் இவ்வாறு கொள்ளை போகத் தொடங்கிய பின், உள்நாட்டு எழுத்தாளர்களும் மலிவுப் போட்டியில் நசுங்கத் தொடங்கிய பின், 1891-இல்தான் அயல்நாட்டாருக்கு உரிமை கொடுக்க அமெரிக்கா இசைந்தது; அப்போதும் நூல் அமெரிக்காவிலேயே அச்சுக் கோக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1886-இல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையில் அந்நாடு சேர்ந்தது 1989-இல். அந்த நாடுதான் இன்று ஆண்டுதோறும் பட்டியல் வெளியிட்டு, அறிவுச் சொத்தைச் சரிவரக் காக்கவில்லை என்று இந்தியா முதலிய நாடுகளைக் கண்டிக்கிறது. எடுத்து வளர்ந்த காலத்தில் பொது என்பதும், வளர்ந்து முடித்த காலத்தில் சொந்தம் என்பதும் நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் ஒத்த இயல்பாக இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, எல்லாரும் திருடர்களே, ஆகையால் எவர்மேலும் குற்றமில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த முடிவை நான் முழுமனத்தோடு மறுக்கிறேன். வாதியின் கையில் அழுக்கு இருக்கிறது என்பதனால் பிரதிவாதியின் கை சுத்தமாகிவிடாது. டைம்ஸ் தன் எழுத்தாளர்களுக்குச் செய்த அநீதி, டைம்ஸுக்கு இழைக்கப்பட்ட அநீதியை நியாயமாக்காது. இரண்டு அநீதிகளிலும் நஷ்டமடைந்தவன் ஒருவனே, அவன் எழுதினவன். ஒரு கொள்கை உண்மையானதுதானா என்று அறிவதற்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி, அதைச் சொல்கிறவர் தமக்கு நஷ்டம் வரும் இடத்திலும் அதைச் சொல்வாரா என்பதே. பயிற்சி கற்றலே என்று நம்புகிற நிறுவனம், தன் வெளியீட்டிலிருந்து பிறர் கற்பதையும் அனுமதிக்கட்டும். எழுத்து எழுதினவருடையதே என்று நம்புகிற பத்திரிகை, உரிமத்தில் வரும் பணத்தை எழுதினவரோடு பங்கிட்டுக்கொள்ளட்டும். அதன்பின் அவர்கள் வாதத்தைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

நீதிமன்றங்கள் இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் மேல் எழுத்தாளர் மூவர் தொடுத்த வழக்கில், 2025 ஜூன் 23-ஆம் தேதி நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்பளித்தார். அந்த நிறுவனம் இரண்டு வழியில் நூல் சேர்த்திருந்தது. கடையில் காசு கொடுத்து இலட்சக்கணக்கான நூல்களை வாங்கி, முதுகுக் கட்டை அறுத்து, தாள் தாளாகப் பிரித்துப் பொறியில் படமெடுத்து, பின் காகிதத்தைக் கழித்துவிட்டது ஒரு வழி. திருட்டு நூலகங்களிலிருந்து எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை இறக்கிக்கொண்டது மற்றொரு வழி. பயிற்றுவது நியாயமான பயன்பாடே, வாங்கிய நூலைப் படமெடுத்ததும் தவறன்று, திருட்டுப் பிரதிகளைச் சேர்த்து நூலகமாக வைத்துக்கொண்டதற்கு மன்னிப்பில்லை என்பது தீர்ப்பின் சுருக்கம். அடுத்து வந்த சமரசத்தில் நிறுவனம் 150 கோடி டாலர் கொடுக்க இசைந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் நூல்களுக்கு, நூலொன்றுக்கு மூவாயிரம் டாலர் அளவில் அது வருகிறது. அறுத்து அடுக்கிய அந்தத் தாள்களை நினைக்கும்போது நூலை நேசிக்கிறவன் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். ஆயினும், கடைக்குப் போய் வாங்குவது இயலாத காரியம் அல்ல என்பதை அந்தத் தாள்களே நிரூபித்துவிட்டன.

நம் நாட்டுக்கு இந்த விவகாரம் வந்து சேர்ந்தாயிற்று. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பதிப்பாளர் கூட்டமைப்பும் பின்னர் வந்து சேர்ந்தது. எங்கள் கணிப்பொறிகள் இந்தியாவில் இல்லை, ஆகவே இந்த நீதிமன்றத்துக்கு எங்களை விசாரிக்க அதிகாரமில்லை என்று ஓப்பன்ஏஐ ஆட்சேபித்தது. இந்தியா எங்களுக்கு இரண்டாவது பெரிய சந்தை என்று அதன் தலைவர் சாம் ஆல்ட்மேன் 2025 பிப்ரவரியில் டில்லியில் பேசினார். பணம் வசூலிக்கும்போது இந்தியா அருகில் இருக்கிறது. பதில் சொல்லும்போது தூரத்தில் போய்விடுகிறது. இதுவும் அந்த இரண்டு படிகளில் சேர்ந்ததே.

இச்சபையில் வாசகர்கள் நிரம்ப வந்திருக்கிறீர்கள். உங்களிடமும் ஒன்று சொல்லாமல் போனால் நான் பேசியது முழுமையாகாது. நேற்று வெளிவந்த தமிழ் நாவல் இன்று பிடிஎஃப் உருவில் வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் சுற்றுகிறது. ஆயிரம் பிரதி அச்சிட்டு அதை விற்பதற்கு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் பதிப்பகத்தின் நூலை, அறிவைப் பகிர்கிறோம் என்று சொல்லி அனுப்புகிறவர்களும், அதைப் பெற்று நன்றி சொல்கிறவர்களும், அமெரிக்க நிறுவனங்கள் திருட்டு நூலகத்திலிருந்து இறக்கினதைப் பற்றிக் கோபப்படும்போது, எந்த வித்தியாசத்தைக் காட்டிக் கோபப்படுவார்கள்? அளவு வேறு என்று சொல்லலாம், அது உண்மை. கோடீசுவரன் எடுப்பதும் ஏழை மாணவன் எடுப்பதும் ஒன்றல்ல என்றும் சொல்லலாம்; அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்கக் கூடியவர்களும் வாங்காமல் வாசிக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். மத்திய அரசு நியமித்த குழு ஒன்று 2025 டிசம்பரில் ஒரு யோசனையை வெளியிட்டது. முறையாகக் கிடைக்கும் எழுத்தை நிறுவனங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டாயமாக உரிமத்தொகை செலுத்த வேண்டும், அதை ஒரு பொது அமைப்பு வசூலித்து உரியவர்களுக்குப் பங்கிடும் என்பது அதன் திட்டம். வசூல் எளிது, பங்கீட்டில்தான் அநீதி நடக்கும். நம் சினிமாப் பாட்டின் சரித்திரம் அதைக் காட்டுகிறது. பாட்டெழுதினவர்களும் இசையமைத்தவர்களும் தயாரிப்பாளருக்கு எல்லா உரிமைகளையும் ஒரே கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, தங்கள் பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க, வெறுங்கையோடு இருந்தார்கள். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் முதலானோர் பாடுபட்டதன் பயனாக 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாக, மற்றப் பயன்பாடுகளில் தமக்கு வரவேண்டிய சரிபாதிப் பங்கைத் தாமே விரும்பினாலும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆயிற்று. எழுதிக் கொடுக்க முடியாத உரிமை ஒன்றே ஏழை எழுத்தாளனைக் காக்கும் உரிமை. இயந்திரப் பயிற்சிக்காக வரும் தொகையிலும் கட்டுரையாளருக்கும் கதாசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எழுதுகிற நண்பர்களே, உங்கள் நூலுக்கான ஒப்பந்தப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எல்லா வடிவங்களிலும் எல்லாப் பயன்பாட்டுக்கும் என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு உரிமம் கொடுப்பதற்கு முன் ஆசிரியரைக் கேட்க வேண்டும், வருவதில் பாதி ஆசிரியருக்கு என்று அதன் கீழே எழுதித் தரும்படி கேளுங்கள். பதிப்பாளர்களும் பத்திரிகை நடத்துகிறவர்களும் இச்சபையில் இருக்கிறீர்கள். ஓப்பன்ஏஐயிடமும் கூகிளிடமும் நீங்கள் கேட்கப்போவது எதுவோ, அதை உங்களிடம் எழுதுகிறவர்கள் கேட்குமுன் நீங்களே முந்திக்கொண்டு அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.